சிவகுரு அண்ணைக்குச் சொன்ன நடை

காலையில் என்னை றோட்டில் காண்கிறவர்கள் இப்போதும் கேட்பதுண்டு, "அண்ணை, உங்களுக்கு உந்த நடைப்பழக்கம் எப்பிடி வந்தது?" என்று. "டொக்டர் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அது முழு உண்மையில்லை. டொக்டர் சொல்லி நான் நடக்கவில்லை. என்னைப்போல ஆஸ்பத்திரியால் வந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் கிடக்கிறவர்கள் இருப்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் அவர்களில் ஒருவருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழைகள் இருந்தால் பொறுக்க வேண்டும்.

அச்சுவேலியில் எனக்கு ஒரு சின்ன மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, அரிசி அரைக்கிறது. மெசின் வேலை செய்யும், நான் பக்கத்தில் கதிரையில் இருப்பேன். வீட்டிலிருந்து மில்லுக்கு மோட்டார் சைக்கிள், மில்லிலிருந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிள். சோறு என்றால் தட்டு நிறைய வேண்டும், கருவாடு இல்லாவிட்டால் இறங்காது. வயிறு மேசையில் முட்டுகிற அளவுக்கு வந்திருந்தது.

நான் பயந்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடி முழங்கினால் மெயின் சுவிச்சை நிறுத்துவேன். மகள் கொழும்புக்கு பஸ் ஏறினால், அவள் இறங்கும் வரைக்கும் போனைக் கையில் வைத்திருப்பேன். ஆனால் உண்மையான ஆபத்து வந்த அன்று நான் பயப்படவில்லை. நெஞ்சு இறுகியது, இடது தோள் கனத்தது. பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். எங்கள் பக்கத்தில் நெஞ்சு நோவென்றால் அது வாய்வுதான். ஏப்பம் வந்துவிட்டால் சுகம். எனக்கு ஏப்பமும் வந்தது. திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என் மனுசிதான் கண்டாள். அவள் பெயர் கிறேஸ்.

"இஞ்சேருங்கோ, ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துது? மெசினும் ஓடேல்லை, வேலையும் ஒண்டும் செய்யேல்லையே?"

"வாய்வப்பா. சோடா குடிச்சனான்."

"எழும்புங்கோ. ஓட்டோவைக் கூப்பிடுறன்."

சோற்றுப் பார்சல் மேசையில் அப்படியே கிடக்க, ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சிலும் கைகாலிலும் வயர் கொளுவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயம் துடிக்கிற விதத்தைக் கோடாகக் கீறிக் காட்டுகிற மெசின் அது. அந்தக் கோட்டைப் பார்த்த இளம் டொக்டர், "இது வாய்வில்லை ஐயா, மாரடைப்பு" என்றார். வாய்க்குள் குளிசையைப் போட்டு, சப்பிக் கடித்து விழுங்கச் சொல்லிவிட்டு, அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். புத்தூர்ச் சந்தி தாண்டியபோதுதான் பயம் வந்தது. அதன்பிறகு கனகாலம் அது போகவில்லை.

மாரடைப்பென்றால் என்னவென்று அங்கே ஒரு தாதி படம் கீறிச் சொல்லித் தந்தா. இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற சின்னக் குழாய்கள் உண்டு. அதில் ஒன்றின் உள்சுவரில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கிற தசை சாகத் தொடங்கும். எனக்கு விளங்கிய விதம் வேறு. ஈரமான அரிசியைப் போட்டால் மில்லின் வாய் இறுகி மெசின் முக்கும். கவனிக்காமல் விட்டால் மோட்டார் எரிந்து போகும். அதேதான்.

இரத்தம் எடுத்தார்கள். இருதயத் தசை காயப்பட்டிருந்தால் இரத்தத்தில் ஒரு பொருள் கசிந்திருக்குமாம், அதைப் பார்க்கிற சோதனை. கசிந்துதான் இருந்தது. பிறகு அஞ்சியோகிராம் என்றார்கள். மணிக்கட்டு இரத்தக்குழாயால் நூல்போன்ற குழாயை இருதயம் வரைக்கும் விட்டு, மருந்து அடித்து, எங்கே அடைப்பென்று படம் பிடிப்பது. அடைப்பு இருந்தால் அந்த இடத்தில் வலைபோலப் பின்னிய ஒரு கம்பிச் சுருளை வைத்து விரித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் ஸ்டென்ட்.

அதற்காகக் காத்திருந்த இடத்தில்தான் சிவகுரு அண்ணையைச் சந்தித்தேன். பச்சை உடுப்பும் வெறும் வயிறுமாகத் தள்ளுகட்டில்களில் வரிசையாகக் கிடந்தோம். அவர் வடமராட்சிக் கரையோரத்து ஆள், கடற்றொழில். என்னிலும் நாலைந்து வயது கூட. வெயிலில் கறுத்து இறுகின உடம்பு. இவருக்கும் வருமோ என்று நினைத்தேன். காரணம் சுருட்டு என்று பிறகு தெரிந்தது.

"நீர் எங்கை?"

"அச்சுவேலி, அண்ணை."

"என்ன செய்யிறனீர்?"

"மில் வைச்சிருக்கிறன்."

"அப்ப உமக்கு என்னத்துக்கு நடுக்கம், மில்லுக்காரர்? மெசினை எத்தினை தரம் கழட்டிப் பூட்டியிருப்பீர். உவையும் அதைத்தானே செய்யப் போகினம்."

"மெசினை நிப்பாட்டிப்போட்டெல்லோ அண்ணை கழட்டுறது. இது ஓட ஓட."

அவர் சிரித்த சிரிப்பில் தள்ளுகட்டில் கிறீச்சிட்டது. "ஐயா, சிரிக்காதேங்கோ, பிறசர் ஏறப்போகுது" என்று தாதி வந்து ஏசினா. "நான் இல்லைப் பிள்ளை, இந்த மில்லுக்காரர்தான் பகிடி விடுகிறார்" என்று பழியை என்னில் போட்டார்.

உள்ளே நோவு பெரிதாக இல்லை. மருந்து அடிக்கும்போது உடம்பு முழுக்கச் சுடுதண்ணி ஓடினது போல ஒரு சூடு. திரையில் என் இருதயக் குழாய்கள் இலையுதிர்ந்த மரக்கொப்புகள் மாதிரித் தெரிந்தன. ஒரு கொப்பு பாதியில் நின்றது. சுருளை விரித்த பிறகு அந்தக் கொப்பும் நீண்டது. அன்றைக்கே சிவகுரு அண்ணைக்கும் ஒரு சுருள் வைத்தார்கள்.

வார்ட்டில் எங்கள் கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தன. அவர் பகல் முழுக்கப் பகிடி. "பிள்ளை, ஒரு சுருட்டு மணந்து பாக்கவாவது விடு" என்பார் தாதியிடம். இரவில் பேசமாட்டார். மற்றக் கட்டில்களின் மெசின் சத்தத்தை எண்ணிக்கொண்டு நான் விழித்துக் கிடப்பேன். அவரும் விழித்துத்தான் கிடந்தார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி, பில் என்று ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் சாப்பாடு. கிறேஸ் விடிய இடியப்பம் அவித்து உப்பில்லாத சொதியோடு பஸ்ஸில் கொண்டுவருவாள். வீட்டில் தானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள் என்று மகள் பிறகு சொன்னாள். பார்க்க வந்த சனம் பாலில் கரைத்துக் குடிக்கிற மோல்ட் மாப் பேணியும் பிஸ்கற்றும் தோடம்பழமும் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவிட்டுப் போனது. நோயாளியிடம் வெறுங்கையோடு போவது எங்கள் ஆட்களிடம் இல்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துச் சொன்னார்:

"குளிசை ஒருநாளும் விடக்கூடாது. சுருட்டு இல்லை, கருவாடு இல்லை, சோறு பாதி. எல்லாத்தையும் விட முக்கியம் நடை. இந்தக் கிழமை வீட்டுக்குள்ளை நடவுங்கோ. பிறகு வாசல் படலை மட்டும் போய் வாங்கோ. பிறகு றோட்டு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. நெஞ்சு நொந்தால் நில்லுங்கோ. நடந்தால்தான் இருதயம் தேறும்."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நடந்து குலுங்கினால் அந்தச் சுருள் கழன்று விழாதோ? கேட்கவில்லை. இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்ற வெட்கம். பிறகு ஒரு கிளினிக்கில் கேட்டபோது அவர் சிரிக்கவே இல்லை. அது சுவரோடு இறுகி, மேலே மெல்லிய தோலும் வளர்ந்துவிடும், ஓடினாலும் அசையாது என்றார். அன்றே கேட்டிருக்கலாம். கேட்காததால் வாரக்கணக்கில் நெஞ்சுக்குள் முட்டை வைத்திருக்கிறவன் போல மல்லாந்து கிடந்தேன்.

கிடப்பதற்கு எல்லோரும் உதவினார்கள். தண்ணீர் கேட்கமுன் தண்ணீர் வரும். எழும்பினால், "ஏன் எழும்புறியள், என்னட்டைச் சொன்னால் என்ன?" என்பாள் கிறேஸ். எங்கள் சேர்ச் ஐயர் வந்து தலைமாட்டில் நின்று ஜெபம் செய்தார். தினமும் பின்னேரம் யாராவது பார்க்க வருவார்கள். ஒருநாள் முற்றத்தில் இறங்கி நின்றேன். கிறேஸ் கூப்பிட்டாள்:

"உள்ளுக்கு வாங்கோ. சனம் பேணியோடை பாக்க வருகுது. நீங்கள் முத்தத்திலை உலாவினால் என்ன நினைக்கும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உள்ளே போய்ப் படுத்தேன். உண்மையில் எனக்கு அது ஆறுதல். வந்த பேணிகளையும் நானே கரைத்துக் குடித்தேன். மில்லைக் கிறேஸ் பார்த்தாள். வயிறு திரும்பவும் ஏறத் தொடங்கியது. செத்துப் போவேன் என்ற பயத்தில் செத்தவன் மாதிரிக் கிடந்தேன் என்பதை இப்போது விளங்கிக்கொள்கிறேன்.

சிவகுரு அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பார். டொக்டர் சொன்ன றோட்டு முறை வந்த முதல் நாளே கேட்டார்:

"மில்லுக்காரர், நடக்கிறனீரோ?"

வாயில் வந்தது "ஓம்" என்ற சொல். கடலோடு மல்லுக்கட்டின மனுசன் கேட்கிறார், கட்டிலில் கிடக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"எவடம் மட்டும்?"

"மதவடி மட்டும்."

மதவு என்றால் வாய்க்காலுக்கு மேலே கட்டின சின்னப் பாலம். எங்கள் ஒழுங்கையால் றோட்டில் ஏறி, வெங்காயத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் வரும். போய்வர அரைமணித்தியாலம் எடுக்கும். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் சொன்னேன். ஒரே விசயத்தைத் திருப்பிச் சொல்ல முடியாதே. தோட்டத்துக்கு மெசினால் தண்ணீர் இறைக்கிறார்கள் என்றேன். வாழைக்குலை போட்டிருக்கு என்றேன். மதவின் பக்கச்சுவரில் இருந்து களைப்பாறிவிட்டு வருவதாகச் சொன்னேன்.

"நெஞ்சு ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லை அண்ணை, நல்ல சுகம்."

"ம். சொல்லும், சொல்லும்."

அவர் ஒருநாளும் தன் நடையைப் பற்றிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவருக்கு என்ன, கடற்கரை முழுக்க நடப்பார் என்று இருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மில்லுக்காரர், ஒண்டு சொல்லுறன், சிரிக்கப்படாது. நான் இன்னும் படலை தாண்டேல்லை."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"பயமடாப்பா. கடலிலை எண்டால் வள்ளத்திலை பக்கத்திலை ஆள் இருக்கும். றோட்டிலை தனிய நடந்து விழுந்தால் ஆர் பாக்கிறது? பிள்ளையள் கேட்டால் நாரி நோ, இடுப்புப் பிடிச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டுக் கிடக்கிறன். ஆனா நீர் ஒவ்வொரு நாளும் சொல்லச் சொல்ல ஒரு துணிவு வந்திட்டுது. எனக்கு வைச்ச அதே கம்பிதானே உமக்கும் வைச்சது. உமக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டால் எனக்கும் செய்யாது. நாளைக்கு விடிய, வெயிலுக்கு முன்னம், ஆலமரத்தடி மட்டும் போட்டு வரப் போறன். மனுசிக்கும் சொல்லிப்போட்டன்."

"நல்லது அண்ணை" என்றேன். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் எழும்பி இருந்தேன்.

எனக்குள்ள பயத்தையெல்லாம் ஒரு தராசில் போட்டாலும் அந்தப் பின்னேரத்துப் பயம்தான் பாரம் கூட. அவர் நடக்கப்போவது என் சொல்லை நம்பி. அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை. வழியில் அவர் விழுந்தால் நான் கொன்றதாகத்தான் அர்த்தம். எடுத்து உண்மையைச் சொல்வோமா என்று போனைத் தூக்கினேன். சொன்னால் அவர் இனி ஒருநாளும் படலை தாண்டமாட்டார். அதுவும் கொல்வது மாதிரித்தான். மிச்சம் இருந்தது ஒரு வழி. அவர் வெளிக்கிடமுன் நான் மதவடிக்கு நடந்து போய்வர வேண்டும். எனக்கு ஒன்றும் நடக்காவிட்டால் அவரும் போகலாம். ஏதாவது நடந்தால் கிறேஸ் அவருக்குச் சொல்லுவாள், அவர் நின்றுவிடுவார். அப்படித்தான் யோசித்தேன்.

உடனே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலையால் இறங்கினேன். ஒழுங்கை முடிந்து றோட்டில் ஏறின கையோடு மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்றது. அயல் வீட்டு ரூபன்.

"என்னண்ணை, இந்த உடம்போடை நடந்து போறியள்? ஏறுங்கோ."

எங்கள் ஊரில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை. நடக்கிறவனைக் கண்டு நிறுத்தாமல் போகிறவனும் நல்லவனில்லை. ஏற்றுகிறேன் என்கிறவனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏறினேன்.

"எங்கை போகவேணும்?"

"மதவடிக்கு."

கொண்டுபோய் இறக்கினான். நான் இறங்கி மதவைப் பார்த்தேன். அவன் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்றான்.

"என்ன அலுவல் அண்ணை?"

"சும்மா, பாக்கத்தான்."

என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு கவனமாக ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, "அக்கா, அண்ணையைத் தனிய விடாதேங்கோ" என்று கிறேஸிடம் குசுகுசுத்துவிட்டுப் போனான்.

விடியப்புறம் மகளின் பழைய சைக்கிளை எடுத்தேன். முன் சில்லுக் காற்றை நானே திறந்துவிட்டேன். காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவனை யாரும் ஏற்ற முடியாது, சைக்கிளை எங்கே வைப்பது? பிடித்து நடக்க ஒரு கைப்பிடியும் ஆச்சு. கிறேஸ் குசினி வாசலில் நின்றாள்.

"எங்கை போறியள்?"

"நடக்க."

"என்னத்துக்கு இப்ப?"

"ஒரு மனுசன் என்னை நம்பி நடக்கப் போகுது. நான் இன்னும் நடக்கேல்லை."

விளங்கியதோ தெரியாது. கொஞ்சம் யோசித்தாள். "போனைக் கொண்டு போங்கோ" என்று எடுத்துத் தந்தாள். நான் படலையைத் திறக்க, அவளும் செருப்பைக் கொளுவிக்கொண்டு, நான் காணாத மாதிரித் தூரத்தில் பின்னால் வந்தாள். நானும் காணாத மாதிரிப் போனேன்.

முதலில் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சைக் கவனித்தேன். இருதயம் அடித்தது, ஆனால் நோகவில்லை. மூச்சு வாங்கியது. நின்றேன், ஆறியது, நடந்தேன். ரூபன் எதிரில் வந்து நிறுத்தினான்.

"காத்துப் போச்சுதோ அண்ணை?"

"ஓம் தம்பி."

"இதை ஏன் நீங்கள்... சரி, கடைப்பக்கம் போறன், பம்ப் கொண்டு வரட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். மெல்ல உருட்டிப்போவன்."

நான் சொல்லியிருந்த றோட்டுக்கும் கண்ட றோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது புகையிலை. அதில் தண்ணீர் இறைக்கவில்லை, தூவுகிற குழாய் சுற்றுகிறது. மதவில் இருக்கப் பக்கச்சுவரே இல்லை. திருத்திக் கட்டியபோது இடித்துவிட்டார்கள்போல. முதல்நாள் பின்னேரம் ரூபன் இறக்கிவிட்டபோதுகூட அது என் கண்ணில் படவில்லை. களைப்பாற இடமில்லாமல் சைக்கிளில் சாய்ந்து நின்றேன். பனிக்குள் வெங்காயத்தின் மணம் வந்தது. எனக்குப் பசித்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு உண்மையான பசி.

அங்கே நின்றே சிவகுரு அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் மனுசிதான் எடுத்தா.

"அவர் அப்பவே வெளிக்கிட்டிட்டார் தம்பி. போனை வீட்டிலை வைச்சிட்டுப் போட்டார்."

திரும்பி நடந்து வீட்டுக்கு வந்து, படிக்கட்டில் இருந்தேன். கிறேஸ் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணி ஆறியது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் காத்திருந்தது இதைவிட லேசு. அங்கே என்னைப் பற்றித்தானே கவலை.

வெயில் முற்றத்துக்கு வந்தபிறகு போன் அடித்தது.

"மில்லுக்காரர்!" மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "போட்டு வந்திட்டன். ஆலடி மட்டும்."

"நெஞ்சு, அண்ணை?"

"நெஞ்சு ஒண்டும் செய்யேல்லை. ஆனா உம்மிலை எனக்குக் கோவம். இவ்வளவு நாளும் வாழைக்குலை, தண்ணி இறைப்பு எண்டு எல்லாம் சொன்னீர். கெண்டைக்கால் இப்பிடி நோகும் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே?"

நான் என் கால்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் இண்டைக்குத்தான் அண்ணை நொந்தது" என்றேன்.

அவர் கேட்டார்:

"அப்ப, நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறீர்?"